திடலைத் திறந்தவர்களும் ஆடியவர்களும்: கோட்டா ராமசுவாமியின் வாழ்க்கை

சென்னையின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சேப்பாக்கத்தில் தொடங்கிச் சேப்பாக்கத்திலேயே முடிப்பர். நாம் இக்கட்டுரையைப் பாரிமுனையில் தொடங்குகிறோம். அதற்குக் காரணம் உண்டு. பாரிமுனையிலிருந்து வடக்கே சென்றால் துறைமுகம், ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று உழைப்பின் நிலம் விரியும். தெற்கே சென்றால் சேப்பாக்கம், மெரினா, மயிலாப்பூர், அடையாறு என்று வேறொரு நகரம் தொடங்கும். நாம் சொல்லவிருக்கும் மனிதர் தெற்கு நகரத்தில் வாழ்ந்தவர். ஆயினும் அவர் வாழ்வின் வேர் இந்த முனையில், கடல் வாணிகத்தில் இருக்கிறது.

அவர் பெயர் கோட்டா ராமசுவாமி. 1896ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். டென்னிசில் டேவிஸ் கோப்பைப் போட்டியிலும், கிரிக்கெட்டில் டெஸ்ட் போட்டியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். பின்னர் தேர்வாளராகவும் அணி மேலாளராகவும் பணியாற்றியவர். 1985ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தம் அடையாற்று வீட்டிலிருந்து வெளியே சென்றார், திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்பது. இந்த முடிவு வியப்புக்குரியது என்பதால், அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் முடிவையே முதலில் சொல்லிவிட்டு வாழ்வைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றனர். நமக்கு அவர் வாழ்ந்த வாழ்வே முக்கியமாகப்படுகிறது. ஒரு மனிதர் இரண்டு ஆட்டங்களில் தேர்ச்சி பெற என்னென்ன அமைய வேண்டும், அவை யாருக்கு அமைந்தன, யாருக்கு அமையவில்லை என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை விடை தருகிறது.

துபாஷ் என்ற சொல்லை இன்றைய தலைமுறை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இரு மொழி அறிந்தவர் என்பது அதன் பொருள். வெள்ளைக்கார வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று, சொல்லை மட்டுமன்றிச் சரக்கையும் கடனையும் நம்பிக்கையையும் கைமாற்றித் தந்தவர் துபாஷ். தாமஸ் பாரி 1788இல் தொடங்கிய நிறுவனம் நூறாண்டுக் காலத்தில் சென்னையின் பெருவணிக நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அதன் துபாஷ்களாக இருந்து செல்வம் ஈட்டிய தெலுங்குக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவரே மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. ஊர் அவரைப் புச்சி பாபு என்றழைத்தது. ராமசுவாமி அவருடைய மகன். தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதால் கோட்டா என்ற குடும்பப் பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது.

புச்சி பாபுவின் காலத்தில் சென்னையில் கிரிக்கெட் என்பது வெள்ளையரின் ஆட்டம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தோன்றியது. சேப்பாக்கத்துத் திடல் அதன் வசம் இருந்தது. இந்தியர் அங்கே ஆட அழைக்கப்பட்டாலும் பெவிலியனுக்குள் அமர்ந்து உண்ண அனுமதி இல்லை. மரத்தடியே அவர்களுக்கு உணவுக்கூடம். இந்த இழிவைக் கண்ட புச்சி பாபு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது இருபது. கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு வெளியில் திடல் அமைந்தது. இந்தியர் தமக்கென வைத்துக்கொண்ட கிரிக்கெட் களம் அது. மட்டை, பந்து, கால்காப்பு, வெண்ணிற உடை எல்லாம் வாங்கும் வசதியற்ற இளைஞருக்கு அவர் தம் செலவில் அவற்றை அளித்தார். லஸ் பகுதியிலிருந்த அவருடைய மாளிகைத் தோட்டத்தில் பயிற்சி நடந்தது. பயிற்சிக்கு வந்தவருக்குச் சாப்பாடும் நடந்தது.

அவர் சென்னை இந்தியருக்கும் சென்னை ஐரோப்பியருக்கும் இடையே ஓர் ஆட்டத்தை 1908இல் ஏற்பாடு செய்தார். அதைக் காணும் முன்பே அவ்வாண்டு நாற்பது வயதில் காலமானார். அவர் விதைத்த அந்த ஆட்டம் பின்னர்ப் பிரசிடென்சி மேட்ச் எனப் பெயர் பெற்றது. பொங்கலை ஒட்டி நடந்ததால் மக்கள் அதைப் பொங்கல் மேட்ச் என்றே வழங்கினர். பம்பாயில் இந்து, பார்சி, முஸ்லிம், ஐரோப்பியர் என மத அடிப்படையில் அணிகள் பிரிந்து மோதிய காலத்தில், சென்னையில் இந்தியர் என்ற ஒரே பெயரில் அணி நின்றது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1952இல் அந்தத் தொடர் முடிவுற்றது. எதிரே நிற்க ஐரோப்பியர் அணி இல்லாமற்போன காலம் அது.

தந்தை மறைந்தபோது ராமசுவாமிக்கு வயது பன்னிரண்டு. செல்வத்தோடு ஒரு திடலையும் தந்தை விட்டுச் சென்றிருந்தார். அண்ணன்மார் இருவரும் ஆட்டக்காரர்கள். வெஸ்லி உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார் ராமசுவாமி. கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியிலிருந்து சேப்பாக்கத் திடல் சில நிமிட நடை. 1915-16ஆம் ஆண்டுப் பருவத்தில், மாணவப் பருவத்திலேயே, இந்தியர் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட்டில் அவர் இறங்கினார். இடக்கை மட்டையாளர். அடித்தாடும் இயல்பினர்.

முதல் உலகப்போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கிரிக்கெட் அவருக்குக் கைகொடுக்கவில்லை. பல்கலைக்கழக அணிக்காக ஆடுவோருக்கு அங்கு 'புளூ' என்ற சிறப்பு உண்டு. அது அவருக்கு டென்னிசில் கிடைத்தது. டேவிஸ் கோப்பையில் இந்தியா முதன்முதலாக நுழைந்த ஆண்டு 1921. மறு ஆண்டே, 1922இல், இந்திய அணியில் இரட்டையர் ஆட்டக்காரராக ராமசுவாமி இடம்பெற்றார். இந்தியா டெஸ்ட் கிரிக்கெட் தகுதி பெற்றது 1932இல்தான். ஆகவே கிரிக்கெட் குடும்பத்துப் பிள்ளை நாட்டின் பெயரால் முதலில் ஏந்தியது மட்டையை அன்று, ராக்கெட்டை.

இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். டென்னிஸ் களம் ஒன்றின் நீளம் 78 அடி, அகலம் 36 அடி. அதைச் சுற்றிலும் ஓட இடம் வேண்டும். தரையைச் சமன்செய்து பேண ஆள் வேண்டும். கிரிக்கெட்டுக்கு வேண்டிய பரப்போ அதைப்போலப் பல மடங்கு. இவ்விரண்டு ஆட்டங்களிலும் ஒருவர் தேர வேண்டுமானால் உடல் திறத்தோடு நிலம், ஓய்வு, பணம் மூன்றும் வேண்டும். ராமசுவாமிக்கு மூன்றும் இருந்தன. அவருடைய திறமையை இது குறைக்காது. நிலமும் ஓய்வும் பணமும் இருந்த பிறர் எத்தனையோ பேர். அவர்களுள் இந்தியாவுக்காக இரண்டு ஆட்டங்களில் இறங்கியவர் மிகச் சிலர். ஆனால் திறமை இருந்து நிலம் இல்லாதவர் எத்தனை பேர் என்ற கணக்கை எந்த ஆட்டப் புத்தகமும் வைத்திருப்பதில்லை.

தாயகம் திரும்பிய அவர் வேளாண் துறையில் அரசுப் பணி ஏற்றார். ஆட்டம் தொழிலாகாத காலம் அது. உத்தியோகம் பிழைப்புக்கு, ஆட்டம் மனத்துக்கு என்று வாழ்க்கை இரண்டாகப் பகுந்திருந்தது. அலுவல் ஒழிந்த வேளைகளில் இரு ஆட்டங்களையும் விடாது ஆடினார். பொங்கல் மேட்ச் வந்தால் சேப்பாக்கத்தில் அவர் இருப்பார். இந்தியா 1932இல் முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது முப்பத்தாறு. காலம் கடந்துவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

நான்கு ஆண்டு கழித்து, 1936இல், இங்கிலாந்து செல்லும் அணியில் அவர் பெயர் இருந்தது.

அந்தச் சுற்றுப்பயணம் இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் கசப்பானது. விஜயநகரம் இளவரசர் அணித்தலைவரானது ஆட்டத் திறத்தால் அன்று, அந்தஸ்தால். அணியின் சிறந்த வீரர்களுள் ஒருவரான லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். உட்பூசலால் பிளந்து கிடந்த அந்த அணியில்தான் நாற்பது வயது ராமசுவாமி ஜூலை 25ஆம் நாள் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில் தம் முதல் டெஸ்டை ஆடினார். இந்தியாவுக்காக அவரினும் மூத்த வயதில் டெஸ்டில் அறிமுகமானவர் ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி ஒருவரே. அவர் 1933இல் பம்பாயில் ஆடியபோது வயது நாற்பத்தொன்று.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் நாளில் இரு அணிகளும் சேர்ந்து 588 ஓட்டங்கள் குவித்தன. டெஸ்ட் போட்டியில் ஒரே நாளில் எடுக்கப்பட்ட மிகுதியான ஓட்டங்கள் என்ற பெருமை இன்றும் அந்த நாளுக்கே உரியது. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 ஓட்டங்களில் ஆட்டத்தை முடித்துக்கொள்ள, முதல் இன்னிங்ஸில் 203 ஓட்டங்களில் சுருண்டிருந்த இந்தியா தோல்வியைத் தவிர்க்கப் போராட வேண்டியதாயிற்று. விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க இணையாக 203 ஓட்டங்கள் சேர்த்ததை வரலாறு கொண்டாடுகிறது. அவர்களுக்குப் பின் வந்து ராமசுவாமி சேர்த்த 60 ஓட்டங்களை அவ்வளவாக எவரும் நினைவுகூர்வதில்லை. முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்திருந்தது 40. ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்து ஓவல் டெஸ்டில் இந்தியா தோற்றது. அதில் அவர் எடுத்தவை 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்டுகள், நான்கு இன்னிங்ஸ், 170 ஓட்டங்கள், சராசரி 56.66. அதன் பின் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை. பத்து ஆண்டு முன்னர் இந்தியாவுக்கு டெஸ்ட் தகுதி கிடைத்திருந்தால் என்ற எண்ணம் எழாமலில்லை.

அதே 1936ஆம் ஆண்டு அணியில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார். அவரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ராமசுவாமியின் வாழ்வு முழுமையாக விளங்கும்.

மொரப்பாக்கம் ஜெ. கோபாலன் 1909இல் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். திருவல்லிக்கேணியில் பந்து வீசிக்கொண்டிருந்த அவரை வெள்ளைக்கார ஆட்டக்காரர் சி.பி. ஜான்ஸ்டன் கண்டெடுத்தார். எண்ணெய் வணிகம் செய்த பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை வாங்கித் தந்தார். கிராமத்து இளைஞர் ஒருவருக்குப் பந்துவீச்சு மாதச் சம்பளமாக மாறிய நிகழ்ச்சி அது. 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூரை 48, 59 ஓட்டங்களில் சுருட்டி, 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை அணி அந்த ஆட்டத்தை ஒரே நாளில் வென்றது, ஏ.ஜி. ராம்சிங் அன்று பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

கோபாலன் ஹாக்கியிலும் வல்லவர். 1935இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் அவர் இருந்தார். மறு ஆண்டு அவர் முன் இரண்டு வழிகள் நின்றன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக். மற்றொன்று இங்கிலாந்து கிரிக்கெட் பயணம். கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இந்திய ஹாக்கி அணி பெர்லினில் ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் பெற்றது. கோபாலனுக்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஆடிய ஒரே டெஸ்டோடு அவர் கணக்கு நின்றது.

ஒரே ஊரிலிருந்து ஒரே அணியில் சென்ற இரண்டு இரட்டை ஆட்டக்காரர்கள். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு டெஸ்டுகள்; இருபத்தேழு வயதுக்காரருக்கு எதுவுமில்லை. இதில் ராமசுவாமியின் குற்றம் எதுவும் இல்லை. கிடைத்த வாய்ப்பை ஓட்டங்களால் நியாயப்படுத்தினார். ஒருவர் மட்டையாளர், மற்றவர் பந்துவீச்சாளர் என்பதால் ஒருவர் இடத்தை மற்றவர் பறித்தார் என்றும் சொல்ல இயலாது. நாம் கவனிப்பது வேறொன்று. ராமசுவாமிக்கு ஆட்டம் ஓய்வின் பயன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் ஆடியிருப்பார். கோபாலனுக்கு ஆட்டம் வேலைக்கான வழி. ஆட்டத் தேர்வு பிழைத்தால் இழப்பு பெரிது. ராமசுவாமி போன்ற பிள்ளைகளுக்குக் களம் வீட்டுச் சொத்தைப் போல வந்தது. கோபாலன் போன்றோருக்கு யாரோ ஒருவர் கண்டெடுத்துக் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இருவரும் ஆட்டக் களத்திலிருந்து நிர்வாகத்துக்கு நகர்ந்தனர். இருவருமே தேசியத் தேர்வாளர்களாகப் பணியாற்றினர். 1952-53ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய ஆண்டுப் போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயரிட்டனர். அதே பருவத்தில் ராமசுவாமி இந்திய அணியின் மேலாளராக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணமானார்.

இந்தியா மேற்கிந்தியத் தீவுகளுக்கு மேற்கொண்ட முதற் பயணம் அது. விஜய் ஹசாரே தலைவர். வொரெல், வீக்ஸ், வால்காட் ஆகிய மூவரும் எதிரணியில் உச்சத்தில் இருந்த நேரம். ஐந்து டெஸ்டுகளில் பார்படோஸில் நடந்த ஒன்றை மட்டுமே இந்தியா இழந்தது. மற்ற நான்கும் சமன். சுபாஷ் குப்தே 27 விக்கெட்டுகள் எடுத்தார். மாதவ் ஆப்தே ஆட்டமிழக்காமல் 163 ஓட்டங்கள் எடுத்தார். அந்த அணியின் களத்தடுப்பைத் தீவு மக்கள் மெச்சினர். அக்காலத்தில் மேலாளர் என்பவர் பயிற்சியாளர், கணக்கர், காப்பாளர், தூதர் எல்லாமும் ஆவார். தனிப் பயிற்சியாளர், மருத்துவர், உதவியாளர் படை என்ற வழக்கம் பின்னாளில் வந்தது. 1936இன் பூசல்களை அணிக்குள் இருந்தே கண்ட ஒருவரிடம் பதினேழு ஆண்டு கழித்து ஓர் அணி ஒப்படைக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, அப்பொறுப்பின் கனம் விளங்கும்.

ராமசுவாமி 1966இல் தம் நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்பது நூலின் பெயர். ஆட்டப் பித்தர் ஒருவரின் அலைவுகள் எனத் தமிழில் சொல்லலாம். கிரிக்கெட் வீரர் என்றோ டென்னிஸ் வீரர் என்றோ அவர் தம்மை அழைத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்குள் அடங்காத பித்து அது. இன்று பன்னிரண்டு வயதிலேயே ஒரே ஆட்டத்தில் பிள்ளையை நிறுத்தி, மற்றவற்றை மறக்கச் செய்கிறோம். அத்தகைய காலத்தில் நின்று பார்க்கும்போது, பல ஆட்டங்களில் திளைத்த அந்தத் தலைமுறை மீது ஏக்கம் எழுவது இயல்பே.

ஆனால் அந்த ஏக்கத்தோடு நாம் நின்றுவிடக் கூடாது. இனி வடக்கே திரும்புவோம்.

சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1875இல் தொடங்கியது. இக்கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும் இயல்புடையது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்கள் அந்த மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தின. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு சேர்ந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. குடியிருப்புகளைக் காக்கக் கருங்கற்களைக் கொட்ட வேண்டி வந்தது. ஒரே துறைமுகம் தெற்குக்கு விளையாட மணலைக் கொடுத்தது. வடக்கில் இருந்த மணலையும் எடுத்துக்கொண்டது. மெரினாவில் மாலைதோறும் பந்தடிக்கும் பிள்ளைகளும், காசிமேட்டில் பந்தடிக்க இடம் தேடும் பிள்ளைகளும் ஒரே கற்சுவரின் இரு புறத்தவர்.

கரையிலிருந்து உள்ளே வந்தாலும் நிலைமை அவ்வாறே. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. பின்னர் ஆலைகள் வந்தன, எண்ணெய்க் கிடங்குகள் வந்தன, எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் வந்தன, மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்தது. நகரத்துக்கு வேண்டிய அனைத்துக்கும் வடசென்னை நிலம் கொடுத்தது. கோபாலனுக்கு வேலை தந்த பர்மா ஷெல் 1976இல் அரசுடைமையாகிப் பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. எண்ணெய் நிறுவனங்களின் பெருந்தொட்டிகள் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் நிற்கின்றன. ஆட்டத்துக்கு மிச்சமிருந்த நிலம் சொற்பம்.

நிலமற்ற இடத்தில் ஆட்டம் அழிந்துவிடவில்லை, சுருங்கிக்கொண்டது. வடசென்னை மக்கள் தமதாக்கிக்கொண்ட ஆட்டங்களைப் பாருங்கள். குத்துச்சண்டைக்கு இருபது அடிச் சதுரம் போதும். துறைமுகத்திலும் ஆலையிலும் மூட்டை சுமந்த கைகள் வெள்ளையரிடமிருந்து அந்தக் கலையைக் கற்று, பரம்பரைகளாகப் பிரிந்து, தமக்கெனப் பாணிகளை வகுத்துக்கொண்டன. 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் அந்த உலகைத் தமிழகம் முழுவதற்கும் அறிமுகப்படுத்தியது. கேரம் பலகைக்கோ இருபத்தொன்பது அங்குலச் சதுரம் போதும். தெருவிளக்கின் கீழ் ஒரு முக்காலியில் வைத்துவிடலாம். வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி 2008இல் உலகக் கேரம் வாகையர் ஆனார். அதே வடசென்னையிலிருந்து, ஆட்டோ ஓட்டுநரின் மகளான காஜிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கங்கள் வென்றார். இந்த வெற்றிகளை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டும். அதே வேளையில், 78 அடி நீளக் களம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் இத்தெருக்கள் எத்தனை ராமசுவாமிகளைத் தந்திருக்கும் என்று கேட்கவும் வேண்டும்.

வடசென்னையில் பாடம் நடத்தும் நம் போன்றோர் ஒன்றை ஆண்டுதோறும் காண்கிறோம். நன்றாக ஆடும் மாணவரிடம் 'உன் கனவு என்ன?' என்று கேட்டால் கோப்பையின் பெயரைச் சொல்வோர் குறைவு. ரயில்வே, ஐ.சி.எஃப்., காவல்துறை, துறைமுகம் என்று வேலை தரும் இடத்தின் பெயரே முதலில் வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர வேலை என்பது ஒரு குடும்பத்தின் தலைவிதியை மாற்றவல்லது. இது கோபாலனின் வழி. அவ்வழியைத் தாழ்வாகக் கருதுவோர் ராமசுவாமியின் வழியில் வந்தவராக இருப்பர். ஆனால் நிரந்தர வேலைகள் குறைந்து ஒப்பந்த வேலைகள் பெருகும் காலத்தில் கோபாலனின் வழியும் குறுகுகிறது. பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. வேலை தரும் கதவு குறுகும்போது, மாணவர் முதலில் கைவிடுவது ஆட்டத்தைத்தான்.

இந்தப் பின்னணியில் பார்க்கையில் ராமசுவாமியைவிடப் புச்சி பாபு நமக்கு முக்கியமானவராகிறார். அவர் பெரிய மட்டையாளரா என்பது இன்று எவருக்கும் பொருட்டன்று. மரத்தடியில் உண்ண வைக்கப்பட்ட இனத்துக்கு அவர் ஒரு திடலை உண்டாக்கினார். மட்டை வாங்க வழியற்றவனுக்கு மட்டை வாங்கித் தந்தார். அந்தத் திடலிலிருந்து அவர் மகன் மட்டுமல்லர், தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர் வந்தனர். ஆயினும் அவர் திறந்த கதவும் ஓரளவே திறந்தது. கல்வியும் வசதியும் உடையோர் அதன் வழியே நுழைந்தனர். ஜான்ஸ்டன் திறந்த கதவு இன்னும் சற்று அகன்றது. கிராமத்து இளைஞர் ஒருவர் நுழைந்தார். ஒவ்வொரு கதவும் யாரோ ஒரு மனிதரின் மனப்போக்கைப் பொறுத்தே திறந்தது என்பதுதான் குறை. மனிதரின் பெருந்தன்மை அவரோடு போய்விடும். திடல் என்பது பள்ளிக்கும் தெருவுக்கும் உரிமையாக அமைந்தால் மட்டுமே நிலைக்கும்.

ராமசுவாமியும் கோபாலனும் தேர்வாளராக அமர்ந்த மேசைகள் அத்தகைய உரிமையை உண்டாக்கக்கூடியவை அல்ல. வந்து நின்றவருள் சிறந்தவரைத் தேர்வது அவற்றின் வேலை. வர முடியாதவரைப் பற்றி அவை கேட்பதில்லை. விளையாட்டு நிர்வாகம் என்றால் அணி தேர்வதும் கோப்பை நடத்துவதும் என்றே இன்றளவும் நாம் நினைத்துவருகிறோம். நிலத்தைக் காப்பதும் பெறுவதும் அதன் முதற் கடமை என்று கொள்வோமானால், நம் நகராட்சி மன்றங்களிலும் பள்ளி ஆட்சிக் குழுக்களிலும் நடக்கும் பேச்சு வேறாக இருக்கும்.

கோபாலன் 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் காலமானார். தொண்ணூற்று நான்கு வயது. ராமசுவாமிக்கு அத்தகைய தேதி இல்லை. 1985 அக்டோபரில் வீட்டை விட்டுச் சென்றவரைத் தேடியும் காணவில்லை. ஆட்டக் குறிப்பேடுகள் அவரை நெடுங்காலம் எப்படிக் குறிப்பது என்று தடுமாறின. இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது என்ற சொற்றொடரில் பின்னர் நின்றன. அந்த வெற்றிடத்தை ஊகங்களால் நிரப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கணக்கில் இருப்பவை போதும்: ஒரு டேவிஸ் கோப்பைப் பருவம், நாற்பது வயதில் நான்கு இன்னிங்ஸ், தீவுகளுக்கு ஓர் அணியை அழைத்துச் சென்று திரும்பிய பொறுப்பு, ஒரு நூல்.

அவருடைய பெயரைச் சொல்லும்போது அவர் தந்தை 1888இல் அமைத்த திடலையும் சேர்த்துச் சொல்வோம். அத்தகைய திடல் ஒன்று ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே எத்தனை பள்ளிகளுக்கு உண்டு என்று எண்ணிப் பார்க்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.